நீக்கிலாஸ் அண்ணையின் மேசை இறங்கு விழா

1.

இந்தக் கதை ஓர் ஓசிச் சாப்பாட்டில் பிறந்தது. தங்கள் கதைகள் காய்ச்சலில் பிறந்தன, கண்ணீரில் பிறந்தன என்று எழுத்தாளர்கள் பேட்டி கொடுப்பதுண்டு. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. பாரிஸில் ரூ லூயி-பிளாங்க் என்ற தெருவில் ஓர் உணவகத்தின் மேல்மாடி. இரண்டாவது தட்டுப் புரியாணிக்கும் முதலாவது கிண்ணம் வட்டிலப்பத்துக்கும் நடுவில், 'இதை யாராவது எழுத வேண்டும்' என்று தோன்றியது. யாராவது என்றால் நான் அல்லாத ஒருவர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

என்ன விழா என்று கேட்பீர்கள். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாசப்பலில் பிறந்தநாள், சாமத்தியம், முதல்நன்மை, வீடு வாங்கியது, நசியோனாலித்தே எனும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது, மகன் மூன்றாம் தரம் பெர்மி எடுத்து, கார் ஓட்டத் தேறியது என எல்லாவற்றுக்கும் மண்டபம் எடுப்போம். இது நீக்கிலாஸ் அண்ணை போக்கரில் சின்ன மேசையிலிருந்து பெரிய மேசைக்கு ஏறிய விழா. வாசலில் பலூன் கட்டியிருந்தது. வீடியோக்காரர் வந்திருந்தார். ஒருவரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை. ஏறினால் விழா. அவ்வளவுதான் எங்கள் சட்டம்.

கதையை எப்படித் தொடங்குவது என்று சில விதமாகப் பார்த்தேன்.

'சென் நதியின் மேல் அந்தி சாய்ந்துகொண்டிருந்த வேளையில், நீக்கிலாஸ் தன் விதியை' (நீக்கிலாஸ் அண்ணை சென் நதியைக் கடைசியாகப் பார்த்தது, கனடாவிலிருந்து வந்த மைத்துனரை ஈபெல் கோபுரம் காட்டக் கூட்டிப்போன அன்று. வெட்டு.)

'வாழ்க்கையே ஒரு சூதாட்டம் என்பதை' (வெட்டு. எழுதிய கைக்கும் ஒன்று போட வேண்டும்.)

'நீக்கிலாஸ் ஒரு சூதாடி.' (பொய். அதோடு இதை அண்ணையின் மனைவி பேர்ளி அக்காவும் வாசிப்பார். வெட்டு.)

2.

நீக்கிலாஸ் அண்ணை சூதாடி அல்ல. அவர் விதிகளின் மனிதர். அதே ரூ லூயி-பிளாங்கில் ஒரு பயண முகவர் கடையில் டிக்கெட் போடும் கவுண்டர் அவருடையது. சூட்கேஸ் முப்பது கிலோ என்றால் முப்பது கிலோ. சொந்த மாமியார் யாழ்ப்பாணம் புறப்பட்டபோதுகூட, தராசைப் பார்த்துவிட்டு, அவருடைய பெட்டிக்குள்ளிருந்து இரண்டு சவர்க்காரக் கட்டிகளை எடுத்து வெளியே வைத்தவர். மாமியார் அந்தக் கதையை ஊர் முழுக்கக் கொண்டுபோனார். அதற்கு எடை பார்க்க ஆள் இருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் போக்கருக்குள் வந்ததும் முதலில் தேடியது நல்ல சீட்டை அல்ல, நல்ல விதியை. கிடைத்தது. அதற்குப் பெயர் பாங்க்றோல். விளையாட்டுக்கென்றே ஒதுக்கிவைத்த காசு. வீட்டு வாடகைக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணை அதை ஒரு நீல பிஸ்கட் தகரப் பேணிக்குள் வைத்திருந்தார். ஒரு மேசையில் கொண்டுபோய் வைக்கும் தொகையைப்போல் முப்பது மடங்கு பேணிக்குள் சேர்ந்தால்தான் அந்த மேசைக்கு ஏறலாம். ஏறிய பிறகு பேணி இருபது மடங்குக்குக் கீழே போனால், மறுபேச்சில்லாமல் பழைய மேசைக்கு இறங்க வேண்டும்.*

பழைய மேசை என்பது பாரிஸ் புறநகரான ஸ்தேனில், நண்பர் யோன் வீட்டுக் குசினி மேசை. சனிக்கிழமை பின்னேரங்களில், ஆளுக்கு ஐம்பது யூரோ. காசுக்குப் பதிலாக வைக்கும் நீலச் சில்லுகள் எப்போதோ தொலைந்துபோய், அந்த இடத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் மூடிகள். மூன்று வருடச் சனிக்கிழமைகளில் அண்ணை பேணியை நிரப்பினார். ஒருநாள் எண்ணிப் பார்த்தால் ஆறாயிரம். நகரத்துக் கிளப்பில் இருநூறு யூரோ மேசைக்கு முப்பது மடங்கு. கணக்குச் சரி. மண்டபம் எடுத்தாயிற்று.

*\*விழாவில் ஏறும் விதியை எல்லோரும் கேட்டுக் கைதட்டினார்கள். இறங்கும் விதியை அண்ணை சொன்ன நேரம் பொரித்த ரோல்ஸ் வந்துவிட்டது.*

3.

விழாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். அப்போதுதான் பிறகு நடந்தது விளங்கும்.

பிரதம விருந்தினர் அருண்பிரசாத். கோயம்புத்தூர்க்காரர், லா டிஃபான்ஸில் பெரிய கம்பெனி ஒன்றில் தரவு ஆய்வு வேலை. யோன் வீட்டுக்கு இடைக்கிடை வந்து விளையாடுவார். மடிக்கணினியை இணைத்துச் சுவரில் ஒரு வரைபடம் காட்டினார். "அண்ணே, இது கேம்பிளிங் கிடையாது. ரிஸ்க் மேனேஜ்மென்ட். லாங் ரன்ல கிராஃப் மேலதான் போகும்," என்றார். கோடு உண்மையிலேயே மேலே மேலே போனது. அதன் கடைசிப் பகுதி மட்டும் திரைச்சீலை மடிப்புக்குள் விழுந்து தெரியவில்லை. ஒருவரும் எழுந்துபோய் மடிப்பை விரித்துப் பார்க்கவில்லை.

பிறகு யோன் எழுந்து பொன்னாடை போர்த்தினார். (அந்தப் பொன்னாடைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு நடன ஆசிரியைக்கும் ஓர் ஓய்வுபெற்ற தபாலதிபருக்கும் போர்த்தப்பட்டு, உலர்சலவைக் கடைச் சீட்டோடு வந்தது. பாரிஸில் பொன்னாடைகள் மனிதர்களைவிட அதிகம் பயணம் செய்கின்றன.) "பெரிய இடத்துக்குப் போறாய், எங்களை மறந்திடாதை மச்சான்," என்று யோன் சொல்ல, இரண்டு பேர் கண் கலங்கினார்கள். நீக்கிலாஸ் அண்ணை போகிற கிளப் மெத்ரோவில் மூன்று தரிப்பு.

கடைசியில் வாழ்த்துமடல். கண்ணாடிச் சட்டம் போட்டு, தங்க விளிம்பு வைத்து. 'முப்பது மடங்கு கண்ட முதல்வா, ஏறுமுகமே உன் இயல்பா' என்று தொடங்கிப் பன்னிரண்டு வரி. அதை எழுதியவர் பெயர் இங்கே தேவையில்லை. இரண்டு தட்டுச் சாப்பிட்டவர் என்றால் போதும்.

அண்ணை அந்தச் சட்டத்தைக் கையில் வாங்கிய நேரம், அதன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். விதிகளின் மனிதர் முதல்முறையாகத் தனக்குத் திறமையும் இருக்கிறதோ என்று யோசித்தார். (ஓர் ஆளின் மனதுக்குள் புகுந்து எழுதுவது எழுத்தாளன் எடுக்கும் சலுகை. ஆனால் இது நடந்தது. நான் எதிரேதான் இருந்தேன்.)

4.

(இந்தப் பகுதியைப் பேர்ளி அக்கா எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். அதில் அவருடைய தம்பியைப் பற்றி ஒரு பகிடி இருந்தது. நல்ல பகிடி.)

5.

கிளப்பில் நடந்ததை நாடகமாக எழுத முடியாது. நாடகமாக ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் அண்ணை புதுக் கோட் போட்டுக்கொண்டு போனார். அடையாள அட்டையைக் காட்டினார். பச்சைத் துணி மேசையில் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றார்.

ஏன் என்பதை அவர் மூன்றாவது ஞாயிறு கண்டுபிடித்தார், கண்டுபிடித்ததை அடக்கி வைத்தார். யோனுக்கு நல்ல சீட்டு வந்தால் குரல் மெலியும். மிக நல்ல சீட்டு வந்தால் ரோல்ஸ் சாப்பிடுவதை நிறுத்துவார். அருண்பிரசாத் பொய்க்குக் காசு தள்ளும்போது ஆங்கிலம் கூடும். மூன்று வருடமாக அண்ணை பேணியை நிரப்பியது ரிஸ்க் மேனேஜ்மென்டால் அல்ல, இந்த இரண்டு பேரின் முகத்தால். கிளப்பிலோ காதில் பஞ்சுபோல் எதையோ செருகிய இளைஞர்கள். ஒருவரும் ரோல்ஸ் சாப்பிடவில்லை. எதை நிறுத்துகிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது?

பேணி நாலாயிரத்து இருநூறுக்கு வந்தது. இன்னும் ஒரு கெட்ட ஞாயிறு வந்தால் இருபது மடங்குக்குக் கீழே. வந்தது. மூவாயிரத்து எண்ணூறு.

விதி தெளிவு. அடுத்த சனி ஸ்தேன்.

அடுத்த சனி அண்ணை ஸ்தேனுக்குப் போகவில்லை.

6.

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. இரண்டு சவர்க்காரத்துக்கு மாமியாரோடு பகைத்தவர், தன் விதியை மட்டும் எப்படி மீறுவார்? நம்பும்படியாக இல்லையே என்று எழுதுவதை ஒரு கிழமை நிறுத்தினேன். பிறகு விளங்கியது. அவர் மீறவில்லை. திருத்தினார்.

முதல் திருத்தம்: கிளப்புக்கென்று வாங்கிய கோட்டும் பாங்க்றோலின் ஒரு பகுதிதான், ஆகவே அதன் விலையையும் பேணிக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் கோட் பாதி விலையில் வாங்கியது. சேர்த்தும் நாலாயிரம் வரவில்லை.

இரண்டாம் திருத்தத்துக்கு முன் அவர் மகள் தர்மிளாவிடம் பேச்சோடு பேச்சாக விஷயத்தைப் போட்டுப் பார்த்தார். அவள் தொலைபேசியிலிருந்து தலை நிமிராமல், "து ரெதெசான், செ தூ," என்றாள். இறங்குங்கள், அவ்வளவுதானே. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு இறங்குவது ஒரு வினைச்சொல் மட்டும். அண்ணைக்கோ அதற்குள் மேல்மாடி மண்டபம், பலூன், வீடியோ, பொன்னாடை, பன்னிரண்டு வரி எல்லாம் இருந்தன. ஏறியதை நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுச் சொன்னவர். இறங்குவதைச் சொல்ல எங்களிடம் ஒரு வழக்கம் இல்லை. அதற்கு எந்த அச்சகமும் அழைப்பிதழ் மாதிரி வைத்திருக்கவில்லை.

இரண்டாம் திருத்தம், லூர்து என்வலப்.

பேர்ளி அக்கா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார். போன வருடம் அவருக்கு ஓர் ஒப்பரேஷன். நல்லபடி முடிந்தால் மூன்று பேரும் ஆவணித் திருநாளுக்கு லூர்து மாதாவிடம் வருவோம் என்று நேர்ந்திருந்தார். நல்லபடி முடிந்தது. சம்பளம் வரும்போதெல்லாம் ஒரு நோட்டை, மாதா படத்துக்குப் பின்னால் இருந்த என்வலப்பில் வைத்து வந்தார். அறுநூறு சேர்ந்திருந்தது.

நீக்கிலாஸ் அண்ணை அந்த என்வலப்பை எடுத்து பிஸ்கட் பேணிக்குள் வைத்தார். செலவழிக்க அல்ல. எண்ணுவதற்கு மட்டும். ஒரே பேணிக்குள் இருப்பதால் ஒரே தொகை. மூடியைத் திறந்து எண்ணினார். நாலாயிரத்து நானூறு. இருபது மடங்குக்கு மேலே! இறங்கத் தேவையில்லை.

கணக்கு எவ்வளவு அழகாக வந்தது என்றால், அந்த ஞாயிறு தோற்றுவிட்டு வந்தும் அவர் விசிலடித்தார். பேணிக்குள் அண்ணையின் காசு மேலே இருந்தது, மாதாவின் காசு அடியில் இருந்தது. மேலே இருப்பது ஒவ்வொரு ஞாயிறும் மெலிந்துகொண்டு வந்தது.

7.

மாதக் கடைசி. பேர்ளி அக்கா நோட்டோடு மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டார். கைக்குச் சுவர்தான் பட்டது.

"இஞ்சேருங்கோ, லூர்து என்வலப் எங்கை?"

"பேணிக்கை."

"அது எப்பிடிப் பேணிக்கை போனது?"

"தொடேல்லை, பேர்ளி. எண்ணுறதுக்கு மட்டும் வைச்சனான்."

"ஆரின்ரை காசை?"

அதற்கு அண்ணையிடம் விதி இருக்கவில்லை. (நான் இந்த இடத்தில் ஒரு பெரிய சண்டை எழுதியிருந்தேன். தட்டு ஒன்றும் உடைந்தது. அக்கா வாசித்துவிட்டு, 'தட்டு உடைக்கிற அளவுக்கு என்னட்டைத் தட்டு இல்லை' என்றார். வெட்டினேன்.) உண்மையில் நடந்தது இது: அண்ணை நாற்காலியில் இருந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், எல்லாவற்றையும் சொன்னார். கோட்டின் விலை உட்பட. கடைசியில்தான் உண்மையான விஷயம் வந்தது.

"இறங்கிறதெண்டா யோன் வீட்டுக் கதவைத் தட்ட வேணும். பொன்னாடை போத்தி அனுப்பினவங்கள். என்ன முகத்தோடை போய் இருக்கிறது?"

 அக்கா பேணியைத் திறந்து, என்வலப்பை எடுத்து, எண்ணாமல் அண்ணையின் கோட் பையில் வைத்தார்.

"ஏறேக்கை மண்டபம் எடுத்தனீங்கள். இறங்கேக்கையும் ஒரு விழா வையுங்கோ. மண்டபம் வேண்டாம், யோன் வீடு காணும். ரோல்ஸ் நான் பொரிக்கிறன். சனிக்கிழமை வேலை முடிய உங்கடை கவுண்டரிலையே லூர்துக்கு மூண்டு டிக்கெட்டைப் போட்டிட்டு, மிச்சப் பேணியோடை நேரை ஸ்தேனுக்கு வாங்கோ."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமன். சாப்பாடு போட்டா கொஞ்சம் மெல்லச் சிரிப்பினம்."

பிறகு அக்காவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. 'தம்பி, ஏறினதுக்கு மடல் எழுதினீர். இறங்கிறதுக்கும் ஒண்டு எழுதும். பாட்டு வேண்டாம், நடந்ததை எழுதும். ஃபிறேம் போடாதையும், மாட்ட இடமில்லை.'

அப்படித்தான் அந்த யாராவது நான் ஆனேன். நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது கதை அல்ல. வாழ்த்துமடல். சரி, இரண்டும்தான்.

8.

மடலுக்கு முடிவு வேண்டும். விழாவுக்கு முதல்நாளே எழுதி முடிக்க நினைத்தேன். மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன.

ஒன்று. அண்ணை என்வலப்போடு கிளப்புக்குப் போகிறார். கடைசி ஆட்டம். மாதாவின் காசை நடுவில் தள்ளுகிறார். கையில் இரண்டு ஏஸ், மேசையில் இன்னொரு ஏஸ், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு (லாசப்பல் முழுக்க இந்த முடிவைத்தான் விரும்பும். இரண்டாவது விழா வைத்து, அதே பொன்னாடையைப் போர்த்தியும் விடும். எழுத எழுத எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.)

இரண்டு. அதேபோல் போகிறார், எல்லாவற்றையும் தோற்கிறார், மழையில் நடந்து வருகிறார். கோயில் பங்கு மலரில் போடலாம். தலைப்பு வைக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

மூன்று. அண்ணை டிக்கெட் போட்டுவிட்டு ஸ்தேனுக்கு வருகிறார். இதில்தான் பிரச்சினை. வந்தவரை என்ன செய்வது? கைதட்டுவதா? ஆறுதல் சொல்வதா? விழாவன்று யோன் வீட்டுக்குள் நுழைந்ததுமே அருண்பிரசாத், புது வரைபடம் ஒன்றோடு பேசத் தயார் என்றார். "அண்ணே இறங்கினது கரெக்ட் டிசிஷன். லாங் ரன்ல..." என்று தொடங்க, யோன் இடையில் புகுந்தார்.

"தம்பி, உமக்கு லாங் றன் எண்டா மாசக் கடைசி தானே? சம்பளம் வர நீர் திரும்ப முதல் ஆளாய் வந்து இருப்பீர். உமக்கு ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது."

அருண்பிரசாத் நல்ல மனிதர். சிரித்துவிட்டு மடிக்கணினியை மூடினார். அதன்மேல் ரோல்ஸ் தட்டை வைத்தார்கள்.

9.

இப்போது சனிக்கிழமை பின்னேரம். எல்லோரும் யோன் வீட்டில் இருக்கிறோம். மேசையில் துணி விரித்தாயிற்று. சில்லுகளும் போத்தல் மூடிகளும் அடுக்கியாயிற்று. எட்டு நாற்காலி, ஒன்று வெறுமை. பொன்னாடை அந்த நாற்காலியின் முதுகில் மடித்துக் கிடக்கிறது. அண்ணை அதைப் போன கிழமையே சலவைக்குக் கொடுத்து, யாரிடமோ யோனுக்கு அனுப்பிவிட்டாராம். அது நல்ல அறிகுறியா, கெட்ட அறிகுறியா என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. முடிவில்லை.

எதிர்பாராத ஒரு சிக்கல்: லிஃப்ட் பழுது. யோன் நாலாம் மாடி. சின்ன மேசைக்கு இறங்குகிற மனிதர் நாலு மாடி ஏற வேண்டும். (இதை நான் யோசித்து வைக்கவில்லை. கீழே அறிவித்தல் ஒட்டியிருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.)

நான் இந்த மடலை வாசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வரி வரைக்கும் வாசித்தாயிற்று. நடுவில் பேர்ளி அக்காவின் தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது. அவர் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தர்மிளா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிரெஞ்சில் எங்களுக்குச் சொன்னாள்: லூர்து, மூன்று பேர், போகவும் வரவும். கடையிலிருந்து உறுதிச்சீட்டு.  அக்கா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரோல்ஸைத் திருப்பிப் போட்டார். ஆனால் ஒரே பக்கத்தை இரண்டு முறை திருப்பினார், நான் பார்த்தேன்.

ஆக, மாதாவின் காசு பேணியை விட்டுப் போய்விட்டது. மிச்சத்தை எப்படி எண்ணினாலும் இருபது மடங்கு வராது. விதிப்படி அண்ணை இறங்கிவிட்டார். ஆனால் விதி கதவைத் தட்டாது. ஆள்தான் தட்ட வேண்டும். கடை வாசலிலிருந்து கிளப் மூன்று தரிப்பு. ஸ்தேன் மெத்ரோவும் பஸ்ஸும். உறுதிச்சீட்டு வந்து இவ்வளவு நேரமாகிறது. யோன் ரோல்ஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

கீழ்வாசல் இன்டர்போன் அடிக்கிறது.

நான் எழுந்து போக முடியாது, கையில் மடல். அக்காவின் கை எண்ணெயில். வாசகரே, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பது நீங்கள்தான். இவ்வளவு நேரம் சும்மா இருந்து கேட்டீர்கள், எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்துங்கள். யார் என்று கேட்காதீர்கள். கேட்டால் திரும்பிப் போகக்கூடிய மனிதர் அவர். 'லிஃப்ட் பழுது, மெல்ல ஏறி வாங்கோ' என்று மட்டும் சொல்லுங்கள்.

பொன்னாடையையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் வந்தால் அவருக்குப் போர்த்திவிடுவோம், அது புதிது இல்லைத்தானே. நீக்கிலாஸ் அண்ணை வந்தால், மூச்சு வாங்கி முடியும்வரை ஒருவரும் சிரிக்கக் கூடாது.

அதற்குப் பிறகு சிரிப்பை அவரே தொடங்கட்டும்.